யாழ்ப்பாணத்தின் புனித பத்திரிசியார் கல்லூரி

இலங்கையில் பல பாடசாலைகளும் கல்லூரி என்றே வழங்கப்படுவதால் அப்பெயரைத் தாங்கி நிற்கும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி, 1850ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, 1847இல் இலங்கைக்கு வந்த அமலமரித் தியாகிகள் என்னும் கத்தோலிக்கத் துறவியர் சபையினரால் வளர்க்கப்பட்டு, 1881இல் அயர்லாந்தின் பாதுகாவலரான புனிதரின் பெயரைப் பெற்ற ஆண்கள் பாடசாலையாகும். விசுவாசத்தாலும் உழைப்பாலும் என்பது இதன் இலத்தீன் மகுடவாக்கியத்தின் பொருள்.

அதிபராக, அதாவது தலைமையாசிரியராக, நெடுங்காலம் பணியாற்றிய அயர்லாந்துக் குருவான லோங் அடிகளார், பாடசாலையின் எல்லையோடு நின்றுவிடாமல், யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் புதிய கட்டடம் எழுப்பும் முயற்சியிலும் முன்னின்று உழைத்தார்.

வட்டுக்கோட்டையிலுள்ள யாழ்ப்பாணக் கல்லூரியுடன் ஆண்டுதோறும் நடைபெறும் கிரிக்கெட் ஆட்டம், பொன் அணிகளின் போர் எனப் பெயர் பெற்று, பழைய மாணவர்களையும் மைதானத்துக்கு இழுத்துவரும் திருவிழாவாகவே விளங்குகிறது.