முறுக்கிப் பிடிக்கும் ஓவர்டிரைவ்

நட்டு எல்லாம் கழற்றியாயிற்று. கியர்பாக்ஸின் முதுகில் ஒட்டியிருக்கும் ஓவர்டிரைவ் பெட்டி ஒரு நூல் விலகும். அதற்கு மேல் அசையாது. பழைய எம்ஜிபி, வால்வோ கார்களைப் பிரிப்பவர்களுக்கு இந்த இடத்தில் சுத்தியல் நினைவுக்கு வரும். துருப் பிடித்துவிட்டது என்று எண்ணம். எண்ணெயில் குளித்துக் கிடக்கும் இரும்பில் துரு எங்கிருந்து வரும்?

இந்த ஓவர்டிரைவை வடிவமைத்தவர் எட்கர் டி நார்மன்வில். தயாரித்தது ஷெஃபீல்டின் லேகாக் நிறுவனம். டாப் கியரில் சுவிட்சைத் தட்டினால் போதும், எஞ்சின் ஏறத்தாழ 80 முறை சுற்றும்போது பின்தண்டு 100 முறை சுற்றும்.

உள்ளே நடுவில் சூரியப் பல்சக்கரம், அதைச் சுற்றிக் கோள் பல்சக்கரங்கள், வெளியே வளையம். சாதாரண ஓட்டத்தில் ஸ்பிரிங்குகள் ஒரு கூம்புக் கிளட்சை வளையத்தோடு அழுத்தி, எல்லாவற்றையும் ஒரே கட்டையாகச் சுழலவைக்கும். சுவிட்ச் போட்டால் எண்ணெய் அழுத்தம் கூம்பை எதிர்ப்பக்கம் இழுத்து, அசையாத பிரேக் வளையத்தில் சேர்க்கும். சூரியன் நின்றுவிடும், கோள்கள் அதன்மேல் உருண்டு வெளிவளையத்தை விரைவாகத் தள்ளும். உள்ளிருக்கும் ஒருவழிக் கிளட்ச் அப்போது வழிவிடும். ரிவர்ஸில் வழிவிடாது. ஓவர்டிரைவ் விழுந்தபடியே சிக்கிக்கொண்ட காரைப் பின்னால் எடுத்தால் ஏதோ ஒன்று உடையும்.

கழற்ற வராததன் காரணம் வேறு. கியர்பாக்ஸ் தண்டின் நீளப்பற்கள் இரண்டு உறுப்புகளுக்குள் நுழைகின்றன: ஒன்று கோள்களைத் தாங்கும் சட்டம், மற்றது ஒருவழிக் கிளட்ச். வண்டி நின்ற பிறகும் கூம்பு பிடியை விடுவதில்லை. ஓட்டத்தில் ஏறிய முறுக்கு அப்படியே உள்ளே பூட்டிக்கொள்கிறது; ஈரத்துணியின் இரு முனைகளைப் பிழிவதுபோல இரண்டும் தண்டை எதிரெதிராகத் திருகிப் பிடிக்கின்றன. நெம்பினால் நசுங்குவது அலுமினிய முகம்தான். பிறகு அந்த வழியாக எண்ணெய் கசியும்.

ஆகவே வேலை ஸ்பேனரை எடுக்கும் முன்பே தொடங்குகிறது. வண்டியை ஓட்டிப்போய், ஓவர்டிரைவைப் போட்டு, கிளட்ச் பெடலை மிதித்தபடியே ஓவர்டிரைவை விடுவிக்க வேண்டும். போடும்போது கூம்பு விலக, பூட்டிய முறுக்கு அவிழ்கிறது. எஞ்சின் இழுப்பு இல்லாத நேரத்தில் கூம்பு திரும்பி வருவதால் புதிதாக ஏறுவதில்லை. அந்தக் காலக் கைநூல்களே சொன்ன யோசனை இது. எத்தனை பேர் படித்தார்களோ!

மாட்டும்போது இன்னொரு கண்ணாமூச்சி. நீளமான ஸ்குரூடிரைவரை உள்ளே விட்டுத் திருப்பி, இரண்டு பல்வரிசையையும் ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தபின் யாரும் பின்தண்டைத் தொடக்கூடாது.