சாவி காத்த தம்பதியர்

சங்கத்தின் ஆண்டு விழா இனிது முடிகிறது. மாலைகள் சூட்டப்படுகின்றன, நன்றியுரையும் நிகழ்ந்துவிடுகிறது. கூட்டம் கலைந்தபின் நாற்காலிகளை அடுக்கி, விளக்குகளை அணைத்து, கதவைப் பூட்டிச் சாவியை வீட்டுக்கு எடுத்துச் செல்பவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் சமூகம் எதுவாயினும், அதன் உயிர் அந்தச் சாவிக்காரரிடத்திலேயே இருக்கிறது. இதற்குக் கொச்சியில் வாழ்ந்த யூதத் தம்பதியரான சாமுவேல் ஹல்லேகுவாவும் குவீனி அம்மையாரும் நல்லதொரு சான்றாவர்.

கொச்சி மட்டாஞ்சேரியில் யூதத் தெருவின் கோடியில் நிற்பது பரதேசி ஜெப ஆலயம். இங்கே 'பரதேசி' என்பதற்கு இரவலர் என்று பொருளன்று; பிற தேசத்தினின்றும் வந்தவர் என்பதே பொருள். ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து வந்து சேர்ந்த யூதர்கள், கொச்சி அரசர் தம் அரண்மனையை அடுத்து வழங்கிய நிலத்தில் 1568-இல் இதனை எழுப்பினர். 1662-இல் போர்த்துக்கீசியரால் சேதமுற்ற ஆலயம், டச்சுக்காரர் காலத்தில் புதுப்பிக்கப்பெற்றது. தரையெங்கும் கையால் வண்ணம் தீட்டிய சீன நாட்டு நீல ஓடுகள். மேலே கண்ணாடி விளக்குகள். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு வழங்கிய செப்பேடுகளும் இவ்வாலயத்தின் செல்வமாகும். அவை வட்டெழுத்தில் அமைந்தவை. பாண்டி நாட்டுக் கல்வெட்டுக்களில் நாம் காணும் அதே எழுத்து!

இச்சமூகத்தில் சம்பளம் பெறும் குரு இருந்ததில்லை. பெரியவர்களே வழிபாட்டை நடத்தினர். தர்மகர்த்தாவாக அமைந்தவரே ஆலயத்தைப் பேணினார். கூட்டு வழிபாடு முழுமை பெறப் பத்து ஆடவர் கூடவேண்டும் என்பது யூதர்களின் நெறி. ஒன்பது பேர் எவ்வளவு பக்தியோடு வந்தாலும், தோராச் சுருளை வெளியில் எடுத்து முறைப்படி வாசித்தல் இயலாது.

இஸ்ரேல் நாடு 1948-இல் தோன்றியது. அடுத்த சில ஆண்டுகளில் கேரளத்து யூதர்களிற் பெரும்பாலோர் அங்கே குடியேறினர். 1968-இல் ஆலயத்தின் நானூறாம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். தபால் தலையும் வெளியாயிற்று. விழாவின் சிறப்பு குறையவில்லை; ஆனால் தெருவில் வீடுகள் ஒவ்வொன்றாய்ப் பூட்டப்பட்டு வந்தன.

அந்தத் தெருவில் தங்கிவிட்டவர்கள் இத்தம்பதியர். ஆலயத்துக்கு அருகிலேயே அவர்கள் இல்லம். சாமுவேல் தர்மகர்த்தாவாகத் தொண்டாற்றினார். வெள்ளி மாலை வந்தால் பத்துப் பேர் சேர்வார்களா என்பதே அக்காலத்தின் கவலை. எர்ணாகுளத்திலிருந்து சிலர் வரவேண்டும்; அன்றேல் ஊர் பார்க்க வந்த அயல்நாட்டு யூதர் எவரேனும் வரவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த மணிக்கூண்டு 1990-களின் இறுதியில் செப்பனிடப்பெற்றது. மணியைப் பழுது பார்த்தல் எளிது, மனிதரைச் சேர்த்தல் அரிது!

குவீனி அம்மையார் கொச்சியின் பெயர்பெற்ற கோடர் குடும்பத்தில் பிறந்தவர். கொச்சி யூத மகளிரின் தொண்டு பெரும்பாலும் இல்லத்திலேயே நிகழ்வது. பஸ்காப் பண்டிகைக்கு வாரக் கணக்கில் முன்னதாகவே வீட்டுக்கு வெள்ளை பூசுவர். கிணற்றை இறைத்துத் துலக்குவர். அரிசியை மணி மணியாக ஆராய்ந்து பொறுக்குவர். ஆயினும் அந்தப் பத்துப் பேர் கணக்கில் பெண்களுக்கு இடமில்லை. மேல்மாடமே அவர்கள் வழிபடும் இடம்.

சாமுவேல் 2009-இல் காலமானார். அம்மையார் 2012 முதல் 2018 வரை ஆலயத்தின் நிர்வாகத் தர்மகர்த்தாவாக விளங்கினார். எண்ணிக்கையில் சேராதவராய் இருந்தவரின் கைக்கே ஆலயப் பொறுப்பு வந்து சேர்ந்தது! 2024 ஆகஸ்டில், தம் 89-ஆம் வயதில், அவர் மறைந்தார். பரதேசி யூதருள் மட்டாஞ்சேரியில் எஞ்சியவர் ஒருவரே என்று செய்தித்தாள்கள் அன்று எழுதின.

மற்றோர் உண்மையையும் மறைத்தல் ஆகாது. சாவி திறப்பதற்கு மட்டுமன்றிப் பூட்டுவதற்கும் உரியது. அடிமைத்தளையினின்று விடுபட்டோரின் வழிவந்த யூதர்க்கு இவ்வாலயத்தில் நெடுங்காலம் சம உரிமை மறுக்கப்பட்டது. அம்மரபில் வந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம், காந்தியடிகள் காட்டிய சத்தியாக்கிரக வழியில் நின்று போராடியே அத்தடையைத் தளர்த்தினார். பின்னாளில் பத்துப் பேருக்காகக் காத்திருந்த ஆலயம் ஒருகாலத்தில் தன் மக்களையே விலக்கி வைத்திருந்தது என்பதை நினைக்கும்போது நம் நெஞ்சு கனக்கிறது.

அன்பர்களே, நம் சங்கங்களுக்கு இவ்வளவு நெருக்கடி நேரவில்லை. ஆனால் நம் பிள்ளைகளும் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் வேறு ஊர் போகின்றனர். நூலகத்தைத் திறப்பவரும், தமிழ் வகுப்பு நடத்துபவரும், பொங்கல் விழாவுக்கு வீடு வீடாய்ச் சென்று அழைப்பவரும் ஒரே நாலு பேராகவே ஆண்டுதோறும் இருக்கின்றனர். அவர்களைப் பாராட்டுவது நன்று. அவர்களுடைய சுமையில் பங்கு கொள்வது அதனினும் நன்று. புதிதாக வந்த குடும்பத்தை, அவர்கள் எந்த ஊரார், எந்த வகுப்பார் என்று கேளாமல் உள்ளே அழைப்போம். அடுத்த கூட்டத்துக்கு வருகையில் வீட்டிலுள்ள இளைஞர் ஒருவரையும் உடன் அழைத்து வருவோம். விழா முடிந்ததும் கதவைப் பூட்டும் வேலையை அவரிடம் ஒப்படைப்போம். சாவியின் கனம் இளமையிலேயே கைக்குப் பழகட்டும்.