அமெரிக்கப் பொன்முறிகள்

பழைய நாணயத்தாள் சேர்ப்போர் போற்றுவனவற்றுள் அமெரிக்கத் திறைசேரி வெளியிட்ட பொன்முறிகள் தனிச் சிறப்புடையன. திறைசேரியில் பொன் வைக்கப்பட்டுள்ளதென்றும், கொணர்வோர் கேட்டவுடன் அது பொன் நாணயமாக வழங்கப்படுமென்றும் அவற்றின் முகப்பில் அச்சிட்டிருந்தனர். 1933 இல் ஜனாதிபதி றூஸ்வெல்ற், மக்கள் கையிலுள்ள பொன்னையும் இம்முறிகளையும் ஒப்படைக்குமாறு கட்டளையிட்டார். அச்சிட்ட சொல் அன்றே பொய்த்தது. முறிகளை வைத்திருத்தற்கான தடை 1964 இல் நீங்கிற்றேனும் பொன் திரும்பவில்லை. 10 டொலர் முறி இன்றும் 10 டொலருக்கே செல்லும். சேகரிப்போரோ அதனினும் பன்மடங்கு கொடுக்கின்றனர்.

அரசு திரும்பப் பெற்றமையால் எஞ்சிய தாள்கள் காண்போர் கண்ணிற் படலாயின. 1932 இல் விமானி லின்ட்பேர்க்கின் குழந்தையை மீட்கக் கொடுத்த பணத்திற் பெரும்பகுதி பொன்முறிகளே. (குழந்தையோ உயிருடன் மீளவில்லை.) 1934 இல் நியூயோர்க்கில் ஒருவர் 10 டொலர் முறி கொடுத்துப் பெற்றோல் வாங்க, ஐயுற்ற பணியாளர் அதன் ஓரத்தில் வண்டியின் இலக்கத்தை எழுதிவைத்தார். ஹௌப்ற்மன் என்பவர் பிடிபட்டது அவ்வெழுத்தினாலேயே.

வாங்க எண்ணுவோர் பின்புறத்தின் நிறத்தை மட்டும் நம்பலாகாது. 1922 வரிசைத் தாள்களின் பின்புறம் பொன்னிறம். உருவிற் சிறிய 1928 வரிசையிலோ அது பச்சை, முகப்பிலுள்ள முத்திரையும் தொடரிலக்கமுமே பொன்மஞ்சள். கசங்கிய தாளைக் கழுவி இஸ்திரி போட்டுப் புதிதாக்க முனைவோரும் உளர். அதனால் விலை குறையுமேயன்றிக் கூடாது.