சார்ட்டுக்குப் பின்னால் ஒரு வாளிச் சேறு

அறிவியல் கண்காட்சிக்குப் போனால் நமக்குக் காட்டுவது என்ன? சுவரில் மூன்று சார்ட், மேசையில் நான்கு பாட்டில், இஸ்திரி மடிப்புக் கலையாத சீருடையில் இரண்டு பிள்ளைகள். "வணக்கம், எங்கள் ஆய்வின் தலைப்பு..." என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். கைதட்டிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுவோம். இந்த முறை அந்தச் சார்ட் பிறக்கிற இடத்துக்கே போகக் கொடுத்துவைத்திருந்தது. நீங்களும் வாங்க! செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொள்ளுங்கள்.

பழநிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரம். தெற்கே தலையைத் தூக்கினால் கொடைக்கானல் மலை. அங்கிருந்து இறங்கும் பாலாறும் பொருந்தலாறும் இங்கேதான் அணைக்குள் சேர்கின்றன. வேலூர்ப் பாலாறு இல்லை, இது வேறு. பழநிக்கு வரும் பக்தர்கள் குளித்துவிட்டு மலையேறுகிற சண்முகநதிக்கும் இந்த ஆறுகளின் நீர் போய்ச் சேர்கிறது. பிறகு அமராவதி, அதற்கும் பிறகு காவிரி. அணைக்குக் கீழே, தண்ணீர் முழங்காலைத் தொடாமல் ஓடுகிற ஓரத்தில் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு கும்பல். தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஆய்வு தயாராகிறது.

1993 முதல் நடக்கும் மாநாடு அது. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தம் ஊரின் சிக்கல் ஒன்றை எடுத்துக்கொண்டு, தாய்மொழியிலேயே ஆராய்ந்து சொல்லலாம். தமிழகத்தில் அதை நெடுங்காலமாகத் தோளில் சுமந்துவருவது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். இந்தக் குழு எடுத்துக்கொண்ட கேள்வி ஒரே வரி: "நம்ம ஊர்த் தண்ணி எங்கே நல்லா இருக்கு, எங்கே கெட்டுப்போகுது?"

முதலில் அந்தச் சாக்குப்பையைப் பாருங்கள், கொட்டியாயிற்று! விளக்குமாற்றுக் குச்சியில் கட்டிய டீ வடிகட்டி. வெள்ளைத் தட்டுக்குப் பதிலாகத் தெர்மாகோல் பெட்டியின் மூடி. ஊறுகாய் வாசம் இன்னும் போகாத பாட்டில்கள். யாரோ வீட்டிலிருந்து சொல்லாமல் எடுத்துவந்த எவர்சில்வர் கரண்டி. பாட்டிலின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு ஈரத்தில் உரிந்துவிடும் என்பதால், பென்சிலால் எழுதிய துண்டுக் காகிதத்தைப் பாட்டிலுக்குள்ளேயே போட்டுவிடுகிறார்கள். பேனா மை கரைந்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஏழாம் வகுப்புப் படிக்கிறார்.

டீச்சர் கழுத்தில் விசில். ஒரு ஊதல் ஊதினால் எல்லோரும் கரைக்கு வந்து நிற்க வேண்டும், தலையை எண்ணுவார். முழங்காலுக்கு மேல் நனைந்தவருக்கு அன்றைக்கு ஆற்றில் வேலை இல்லை, நோட்டு எழுதும் வேலைதான். அதனால் எல்லாக் கால்சட்டையும் பத்திரமாக உலர்ந்திருக்கிறது!

"டீச்சர்ர்ர்!" ஒரு கூழாங்கல்லைப் புரட்டிய பெண் வீறிடுகிறாள். கல்லின் அடிப்பக்கத்தில் விரல்நகத்தை விடச் சின்னதாக ஒரு பூச்சி, வாலில் மூன்று நூல். பட்டையாக ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. சுத்தமான, ஆக்சிஜன் நிறைந்த ஓடுநீரில்தான் இந்த வகை நன்றாகத் தழைக்கும். சாக்கடை கலக்கும் இடத்தில் சேற்றை அள்ளினால் வேறு ஆள் வருவார்: ரத்தச் சிவப்பில் நெளியும் புழு. நம் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் அதற்கும் உண்டு, ஆக்சிஜன் குறைந்த தண்ணீரிலும் சமாளித்துவிடும். சோதனைக்கூடத்துக்குப் போகும் முன்பே, யார் குடியிருக்கிறார்கள் என்பதை வைத்துத் தண்ணீரின் நிலையை இந்தப் பிள்ளைகள் ஊகித்துவிடுகிறார்கள்.

அட்டை ஒன்று ஒருவன் கெண்டைக்காலில் ஏறிவிட்டது. அழுவானோ என்று பார்த்தால், "இதையும் கணக்குல சேக்கலாமா டீச்சர்?" என்கிறான். "சேத்துக்க கண்ணு, அது உங்கிட்ட வந்து பேர் குடுத்துருக்கு." சிரித்துச் சிரித்து வடிகட்டி தண்ணீரில் விழுந்து, அதைத் துரத்திக்கொண்டு மூன்று பேர்.

அடுத்த காட்சி குளத்தங்கரைப் படியில். பழைய சாப்பாட்டுத் தட்டு ஒன்றை நான்கு கூறாக்கிக் கறுப்பும் வெள்ளையும் அடித்து, நடுவில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிற்றில் அரை அடிக்கு ஒரு முடிச்சு. தட்டை இறக்க வேண்டும். கண்ணுக்கு மறைகிற ஆழம்தான் தண்ணீரின் தெளிவு. 1865இல் இத்தாலியப் பாதிரியாரும் வானியல் அறிஞருமான ஆஞ்சலோ செக்கி கடலில் செய்துபார்த்த வேலை; இன்றும் உலகெங்கும் ஏரிகளில் இதே தட்டுதான் இறங்குகிறது. இங்கே என்ன நடக்கிறது?

"மறஞ்சிருச்சு!"

"இல்லடா, தெரியுது!"

"உனக்குக் கண்ணு அவிஞ்சிருச்சு!"

டீச்சர் பஞ்சாயத்துக்குப் போகவில்லை. "ஆளுக்கொரு தடவ இறக்குங்க, அவங்கவங்க பாத்தத எழுதுங்க, கூட்டி வகுத்துக்கலாம்." சண்டை அப்படியே சராசரியாகிவிட்டது! அன்று பார்த்ததில் எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அதுதான். அளவு என்பது எப்படி உருவாகிறது என்பதைப் பாடப்புத்தகத்தில் இத்தனை சத்தத்தோடு நான் படித்ததில்லை.

துணி துவைத்துக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து, "ஏனுங்க டீச்சரு, மீனு மாட்டுச்சுங்களா?" என்றார். உடனே நோட்டோடு இருவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் சிறுவயதில் இந்தக் குளத்துத் தண்ணீரைக் குடித்தாரா, அயிரை கிடைத்ததா, ஆகாயத்தாமரை எப்போது வந்தது? பாட்டி சொல்லச் சொல்ல நான்கு பக்கம் நிறைந்தது. பாட்டியின் நினைவுக்கும் முந்தைய கதை பக்கத்திலேயே, பொருந்தல் என்ற ஊரில் இருக்கிறது. பேராசிரியர் கா. ராஜன் குழு அங்கே அகழ்ந்தபோது ஈமக்குழிக்குள் ஒரு சாடி நிறைய நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. இந்த ஆற்றங்கரையில் அவ்வளவு காலத்துக்கு முன்பே நெல் புழங்கியிருக்கிறது. இந்த ஊர்த் தண்ணீரைப் பற்றி ஒரு பாட்டியிடம் கேட்டு எழுதுவதும் அறிவியல்தான் என்று டீச்சர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பொரியும் கடலையும் பங்கிடப் போய்விட்டார்.

மதியம் பள்ளியில். கரண்ட் இல்லை, மின்விசிறி நிற்கிறது, அறை முழுக்கச் சேற்று வாசம். பெஞ்சின் மேல் தலைப்பிரட்டைகள், பழைய 'துளிர்' அறிவியல் இதழ்கள், யாரோ கழற்றிப்போட்ட ஈரச் சாக்ஸ். நடுவில் ராஜமரியாதையோடு ஒரு ஃபோல்ட்ஸ்கோப்: ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு 2014இல் உலகுக்குக் காட்டிய காகித நுண்ணோக்கி. மடித்துச் செருகினால் 140 மடங்கு பெரிதாகக் காட்டும். அதன்மேல் டீச்சரின் செல்போன். திரையில் டாப்னியா என்னும் நீர்த்தெள்ளு, கண்ணாடி உடம்புக்குள் இதயம் படபடவென்று துடிக்கிறது!

எண்ண முடியவில்லை, அத்தனை வேகம். ஒருத்தி வழி கண்டுபிடித்தாள்: ஒவ்வொரு துடிப்புக்கும் தாளில் பென்சிலால் ஒரு புள்ளி. பதினைந்து நொடி முடிந்ததும் புள்ளிகளை எண்ணினால் போதும். தாளெல்லாம் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது, கணக்கு மட்டும் கைக்கு வந்துவிட்டது.

இந்த டீச்சர் கணக்குப் பாடம் எடுப்பவர். வழிகாட்டி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் முதன்முறை தட்டான்பூச்சியின் நீர்க்குஞ்சைக் கையில் வாங்கியபோது கத்தியே விட்டாராம். அது கீழுதட்டைக் கைபோல நீட்டி இரையைப் பிடிக்கும் என்று இப்போது அவரே நடித்துக்காட்டுகிறார், பிள்ளைகள் பின்வாங்குகிறார்கள். ஆசிரியர்களுக்கு இப்படித் தொட்டுப்பார்க்கும் பயிற்சி எவ்வளவு கிடைத்தாலும் தகும். 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை செய்துபார்க்கும் அறிவியலைக் கொண்டுபோகிறது. அதை நடத்தும் கருத்தாளர்களின் பையில் ஒரு டீ வடிகட்டியும் இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கடைசியில் சார்ட். இங்கேதான் குழப்பம். ஆற்றில் துவைக்கும் துறைக்குப் பக்கத்தில் தண்ணீர் மோசமாக இருக்கும் என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார்கள். அங்கேயும் அந்த மூன்று நூல் பூச்சி இருந்துவிட்டது. "இத வுட்டுரலாமா டீச்சர்?" என்று ஒருவன் ரப்பரை எடுத்தான்.

"அழிக்காத. பாத்தத எழுது. ஏன்னு தெரியலைன்னா, மறுபடி போய்ப் பாக்கலாம்."

அவ்வளவுதான், அறையே கிளம்பிவிட்டது. சனிக்கிழமை திரும்ப ஆற்றுக்கு. இந்த முறை துறைக்கு மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம். தட்டுக்கு இன்னொரு கோட்டிங் பெயிண்ட், கயிற்றுக்குக் கூடுதலாக நான்கு முடிச்சு. அட்டை கடித்தவன் உப்புப் பொட்டலம் கொண்டுவருவதாக எழுதிக்கொண்டான். எவர்சில்வர் கரண்டியை மட்டும் இன்றைக்கே வீட்டில் சேர்த்தாக வேண்டும், ராத்திரிக் குழம்புக்கு அம்மா தேடுவார்.