ஓக் மரச் சுவருக்குள் ஒரு கல்யாணம்

இங்கிலாந்தின் பழைய தேவாலயம் என்றதும் வானளாவிய கற்கோபுரமும் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களும்தான் உங்கள் கண்முன் வரும். எசெக்ஸ் வட்டாரத்தில், ஓங்கார் என்னும் சிற்றூரை அடுத்த கிரீன்ஸ்டெட் கிராமத்துத் தேவாலயம் அப்படிப்பட்டதன்று. அதன் நடுக்கூடத்துச் சுவர் முழுவதும் மரம்.

ஓக் மரங்களை நெடுக்காகப் பிளந்து, வளைந்த பக்கம் வெளியிலும் தட்டையான பக்கம் உள்ளேயும் இருக்குமாறு வரிசையாக நிமிர்த்தி நட்டார்கள். இன்று 51 கட்டைகள் நிற்கின்றன. மண்ணில் புதைத்த கம்பம் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? அடி உளுத்துப்போயிற்று. 1848-இல் தொடங்கிய திருப்பணியில் அழுகிய பகுதியை அறுத்தெறிந்து, செங்கல் அடித்தளம் எழுப்பி அதன்மேல் நிறுத்தினார்கள். ஆகவே சுவர் முன்னைவிடக் குட்டைதான்! பீடம் உள்ள பகுதி 1500-ஐ ஒட்டிச் செங்கல்லால் கட்டப்பட்டது.

மர வளையங்களை ஆராய்ந்து, 845-ஆம் ஆண்டுக் கட்டடம் என்று 1960-இல் சொன்னார்கள். 1995-இல் நடந்த மறு ஆய்வு, 1060-க்குப் பிறகே மரம் வெட்டப்பட்டது என்று காட்டியது. இருநூறு வயது குறைந்தாலும், ஐரோப்பாவில் நிற்கும் மரக் கட்டடங்களில் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று.

எனக்கோ, அந்தச் சுவருக்குள் நடந்த ஒரு கல்யாணமே பெரிதாகப் படுகிறது. டார்செட் வட்டாரத்து டோல்பட்டல் கிராமத்தில் வயற்கூலிகளுக்கு வாரம் 7 ஷில்லிங்தான் கூலி. அதையும் 6 ஆக்கப்போவதாகப் பேச்சு எழுந்தது. தொழிலாளர்கள் சங்கம் அமைத்தனர். சங்கம் வைப்பது அப்போது சட்ட விரோதமன்று; இரகசியச் சத்தியம் செய்தார்கள் என்று குற்றஞ்சாட்டி, 1834-இல் ஆறு பேருக்கு ஏழாண்டு நாடு கடத்தல் தண்டனை விதித்தார்கள். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். நாடெங்கும் கிளர்ச்சி எழவே, 1836-இல் அரசாங்கம் மன்னிப்பு வழங்கியது. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு!

திரும்பியவர்களுக்காக ஆதரவாளர்கள் பணம் திரட்டி, எசெக்ஸில் பண்ணைகளைக் குத்தகைக்கு எடுத்துக் கொடுத்தார்கள். அவற்றுள் ஒன்று கிரீன்ஸ்டெட்டில் இருந்தது. அறுவரில் ஒருவரான ஜேம்ஸ் பிரைன், தம்மோடு தண்டனை அனுபவித்த தாமஸ் ஸ்டான்ட்ஃபீல்டின் மகள் எலிசபெத்தை, 1839-இல் இந்த மரச் சுவர்களுக்கு நடுவே கைப்பிடித்தார். சிறைக் கப்பலில் உடன் சென்றவர் மாமனார் ஆனார்.

சில ஆண்டுகளில் மணமக்கள் உட்பட ஐந்து குடும்பங்களும் கனடாவுக்குக் குடிபெயர்ந்தன. ஜேம்ஸ் ஹாம்மட் மட்டும் டோல்பட்டலுக்கே திரும்பிப்போனார்.