பாடநூல் கிடைத்துவிட்டது, பாடம் கிடைத்ததா?

பள்ளித் தவணை தொடங்கும்போது பிள்ளைக்குச் சீருடை, காலணி, புத்தகப்பை என்று எல்லாம் வாங்குகிறோம். பாடநூலை மட்டும் வாங்குவதில்லை. அதைப் பள்ளியே கொடுத்துவிடுகிறது. படிக்கத் தேவையானவை எல்லாம் வந்துவிட்டன என்று நாமும் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். உண்மையில் வந்திருப்பது பாதிதான்.

வந்ததை முதலில் சொல்லிவிடுவோம். நம் நாட்டில் பாடநூல் இரவல் திட்டம் 1975-இல் தொடங்கியது. பல ஆண்டுகள் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே அது உரியதாக இருந்தது. 2008-இல் வருமான வரம்பு நீக்கப்பட்டது. இப்போது தமிழ்ப்பள்ளி மாணவர் அனைவருக்கும் பாடநூல் கிடைக்கிறது. பெற்றோருக்கு இது பெரிய சுமைக் குறைப்பு.

ஆனால், இரவல் நூலில் எழுதக்கூடாது. ஆண்டு முடிந்ததும் திருப்பி ஒப்படைக்க வேண்டும். சிறு பிள்ளையோ எழுதிப் பார்த்து, தொட்டுப் பார்த்து, எண்ணிப் பார்த்துத்தான் கற்கும். கூட்டலுக்கு எண்மணிகள், பின்னத்துக்கு வெட்டி எடுத்த வட்டங்கள், வாசிப்புக்குச் சொல்லட்டைகள், வீட்டுக்கு எடுத்துச் செல்லச் சிறு கதை நூல்கள் வேண்டும். ஆசிரியர்கள் பயிற்றுத் துணைப்பொருள் என்று சொல்வது இவற்றைத்தான்.

தமிழில் ஏன் குறைவு?

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. மாணவர்கள் ஏறக்குறைய 80,000 பேர். ஆறு ஆண்டுகளுக்குப் பிரித்தால், ஓர் ஆண்டுக்குச் சுமார் 13,000 பேர்தான். நான்காம் ஆண்டு அறிவியலுக்கு ஒரு பயிற்சி நூல் அச்சிட்டால், அத்தனை பேரும் வாங்கினாலும் விற்பனை அந்த அளவோடு நின்றுவிடும். பதிப்பாளர் தயங்குவது இதனால்தான்.

இன்னொரு காரணம், கலைத்திட்டம் அடிக்கடி மாறுவது. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. அந்தக் கொள்கை கைவிடப்படும் என்று 2009-இல் அறிவிக்கப்பட்டு, பின்னர் அவை தமிழுக்குத் திரும்பின. 2011-இல் புதிய கலைத்திட்டம் வந்தது. 2017-இல் அது சீரமைக்கப்பட்டது. 2027-இல் இன்னொன்று தொடங்கும் என்று கல்வி அமைச்சு அறிவித்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும், ஆசிரியர்கள் இரவு விழித்து வெட்டி ஒட்டிய பொருள்களில் ஒரு பகுதி அலமாரிக்குள் போய்விடுகிறது.

சிறிய பள்ளியின் நிலை

150 மாணவருக்கும் குறைவாக உள்ள பள்ளியை, மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளி என்கிறது அமைச்சு. தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் அமர்த்துவதும் உண்டு. ஆசிரியர் ஒரு பிரிவுக்குப் பாடம் நடத்தும்போது மற்றப் பிரிவு என்ன செய்யும்? தானாகவே செய்து பார்க்கக்கூடிய பயிற்சித் தாளோ விளையாட்டு அட்டையோ கையில் இருந்தால், அதுவே இரண்டாவது ஆசிரியர். இல்லாவிட்டால் பிள்ளை சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பெரிய பள்ளியில் துணைப்பொருள் பாடத்துக்குச் சுவை கூட்டும். இங்கே அது இல்லையென்றால் பாதிப் பாட நேரமே போய்விடும்.

கணினி வந்துவிட்டதே என்று கேட்கலாம். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது இதை நேரிலேயே பார்த்தோம். பாடம் புலனத்தில் வந்தது. வீட்டிலோ ஒரே கைப்பேசி. அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டது. அமைச்சின் டெலிமா தளத்தில் இன்று மின்பாடநூல்கள் இருக்கின்றன. அவற்றைத் திறக்கக் கருவியும் இணையமும் வேண்டும். பிள்ளையின் கணக்கும் கடவுச்சொல்லும் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வகுப்பில் உள்ள தமிழ்க் கதை நூல்களைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா? பயிற்சித் தாள்களை நகலெடுக்கத் தாளும் மையும் போதுமா, அல்லது ஆசிரியர் தம் பணத்தில் வாங்குகிறாரா? அருகிலுள்ள பள்ளி ஆசிரியர்கள் தயாரித்தவற்றை நம் பள்ளியும் பகிர்ந்துகொள்கிறதா?

மூன்றாவது கேள்வி முக்கியமானது. கெடாவில் ஓர் ஆசிரியரும் ஜொகூரில் ஓர் ஆசிரியரும் ஒரே பாடத்துக்கு ஒரே சொல்லட்டையைத் தனித்தனியே வெட்டிக்கொண்டிருப்பது வீண் உழைப்பு. சந்தை சிறியது என்பதை நம்மால் மாற்ற முடியாது. ஒருவர் செய்ததைப் பலர் பயன்படுத்த முடியும்.

இன்று மாலை பிள்ளை வீடு திரும்பியதும் ‘புத்தகம் இருக்கிறதா?’ என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ‘இன்று வகுப்பில் எதைக் கையில் எடுத்துச் செய்து பார்த்தாய்?’ என்றும் கேளுங்கள். ஒரு வாரம் தொடர்ந்து ‘ஒன்றுமில்லை’ என்று பதில் வந்தால், அடுத்த கூட்டத்தில் நீங்கள் பேச வேண்டியது என்னவென்று தெரிந்துவிடும்.