மழை வருமுன் மீன் கடிக்குமா?

பள்ளி விடுமுறை. செம்பனைத் தோட்டத்துக் குட்டையில் தூண்டில் போட்டுவிட்டுக் காத்திருக்கிறீர்கள். காலையிலிருந்து தக்கை அசையவே இல்லை. பிற்பகல் மூன்று மணி வாக்கில் வானம் கறுக்கிறது, குளிர்ந்த காற்று வீசுகிறது. திடீரென்று தக்கை நீருக்குள் போகிறது!

“மழை வருமுன் மீன் நல்லா கடிக்கும்” என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். இது அனுபவமா, வெறும் நம்பிக்கையா? வாருங்கள் மாணவர்களே, அறிவியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

சூடான நீர், குறைந்த உயிர்வளி

மீன் குளிர்இரத்தப் பிராணி. நீர் சூடானால் அதன் உடலும் சூடாகும். உடல் இயக்கம் வேகமாகும். உயிர்வளித் தேவையும் கூடும். ஆனால், நீர் சூடாக ஆக அதில் கரையும் உயிர்வளி குறைகிறது. 10 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறக்குறைய 11.3 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 30 பாகையில் 7.5 மில்லிகிராம்தான். தேவை கூடும்போது இருப்பு குறைகிறது. அதனால்தான் உச்சி வெயிலில் பல மீன்கள் இரை தேடாமல் ஆழத்திலோ நிழலிலோ ஒதுங்கிக் கிடக்கின்றன.

டிரவுட் என்ற மீன் இதற்கு நல்ல சான்று. குளிர்நாட்டு ஓடைகளில் வாழும் இம்மீன், நீர் 10 முதல் 16 பாகைவரை இருந்தால் சுறுசுறுப்பாக இரை எடுக்கும். 20 பாகையைத் தாண்டினால் சோர்ந்துவிடும். 25 பாகைக்கு மேல் உயிருக்கே ஆபத்து. தமிழ்நாட்டின் நீலகிரி மலையில், கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உள்ள அவலாஞ்சி பகுதியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மீனை வளர்க்கத் தொடங்கினார்கள். மலையின் குளிர்தான் அதற்குக் காரணம். மலாக்காவின் குட்டைகளில் டிரவுட் ஒரு நாள்கூடத் தாங்குவது கடினம்.

நம் குட்டைகளில் இருப்பவை வேறு வகை. திலாப்பியா வெப்பத்தைத் தாங்கும். விரால் என்ற ஹாருவான், கெளுத்தி வகையான கெலி, பூயூ ஆகிய மூன்றும் நீரின் மேலே வந்து காற்றையே நேரடியாகச் சுவாசிக்கும்.

காற்றழுத்தமா காரணம்?

‘மழைக்கு முன் காற்றழுத்தம் குறைகிறது; அதை மீன் உணர்ந்து இரை எடுக்கிறது’ என்று தூண்டில்காரர்கள் பலர் சொல்வார்கள். ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

நீரில் ஒரு சென்டிமீட்டர் கீழே இறங்கினால், அழுத்தம் ஏறக்குறைய 1 ஹெக்டோபாஸ்கல் கூடும். நம் நாட்டில் காற்றழுத்தம் ஒவ்வொரு நாளும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. அந்த மாற்றம் 3 அல்லது 4 ஹெக்டோபாஸ்கல்தான். அதாவது, மீன் 4 சென்டிமீட்டர் மேலே நீந்தினாலே அதே அளவு மாற்றத்தை உணர்ந்துவிடும். நாள் முழுவதும் மேலும் கீழும் நீந்தும் மீனுக்கு இது ஒரு பொருட்டாக இருக்குமா? ஆகவே, அழுத்தம் மட்டுமே காரணம் என்பது வலுவான விளக்கமன்று.

ஆனால், மழைக்கு முன் வேறு பல மாற்றங்கள் ஒன்றாக நிகழ்கின்றன. மேகம் வெயிலை மறைக்கிறது. காற்று நீர்ப்பரப்பில் அலை எழுப்புகிறது. வெளிச்சம் குறைந்து நீர்ப்பரப்பு கலங்கினால், கரையில் நிற்கும் நம் உருவம் மீனுக்குத் தெளிவாகத் தெரியாது. நிழலில் ஒதுங்கியிருந்த மீன் துணிந்து கரையோரம் வருகிறது. காற்றடிக்கும் திசையில் உள்ள கரைக்குப் பூச்சிகளும் சருகுகளும் அடித்துவரப்படுகின்றன. இரை இருக்கும் இடத்திற்கு மீன் வருவது இயல்புதானே?

ஈசலும் இறகுத் தூண்டிலும்

மழை பெய்து ஓய்ந்த மாலையில் ஈசல் கூட்டம் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். விளக்கைச் சுற்றும் ஈசல் குட்டையிலும் விழும். அப்போது நீர்ப்பரப்பில் ‘பொளக், பொளக்’ என்று வட்டங்கள் தோன்றும். மீன்களுக்கு அது விருந்து!

டிரவுட் பிடிக்கும் முறை ஒன்று இதை வைத்தே உருவானது. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றி, பூச்சி போலவே செய்து நீரில் மிதக்க விடுவார்கள். எந்த வானிலையில் எந்தப் பூச்சி பறக்கும் என்று தெரிந்தவருக்கே மீன் கிடைக்கும். எனவே, வானிலை மீனை நேராக மட்டும் பாதிப்பதில்லை; மீனின் உணவு வழியாகவும் பாதிக்கிறது.

கனமழைக்குப் பிறகு

மழை பெய்தால் குட்டைக்கு நல்லதுதான் என்று நினைப்போம். எப்போதும் அப்படியல்ல. வெயில் நாள்களில் சூடான நீர் மேலேயும் குளிர்ந்த நீர் கீழேயும் இரண்டு அடுக்குகளாக நிற்கும். கீழடுக்கில் சருகுகள் அழுகுவதால் உயிர்வளி மிகக் குறைவு. குளிர்ந்த நீர் கனமானது: 25 பாகையில் உள்ள ஒரு லிட்டர் நீர், 30 பாகையில் உள்ளதைவிட ஏறக்குறைய ஒன்றரை கிராம் எடை அதிகம். எனவே, குளிர்ந்த மழைநீர் கீழே இறங்க, அடியில் இருந்த கெட்ட நீர் மேலே கலக்கிறது.

மேலும், வானம் மூடியிருந்தால் பாசிகளின் ஒளிச்சேர்க்கை குறையும். இரவில் பாசிகளும் உயிர்வளியை எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் உயிர்வளி மிகக் குறைந்து, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அவை பசியால் வரவில்லை. மூச்சுத் திணறி வருகின்றன. தோட்டத்து உரம் மழையில் அடித்து வரப்பட்டால் பாசி மேலும் பெருகி, நிலைமை மோசமாகும். செத்து மிதக்கும் மீனை எடுத்துச் சமைக்க வேண்டாம், பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

உயிர் முக்கியம்

மீன் நன்றாகக் கடிக்கும் அந்த நேரம்தான் நமக்கு ஆபத்தான நேரமும்கூட. உலகில் இடிமின்னல் அதிகமுள்ள நாடுகளில் மலேசியாவும் ஒன்று. பருவமாற்றக் காலமான ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் பிற்பகல் இடிமழை அதிகம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வரும் ‘சுமத்ராஸ்’ சூறைக்காற்று விடியற்காலையில் மலாக்கா கடற்கரையைத் தாக்கும்.

திறந்த கரையில் நீண்ட தூண்டில் கம்புடன் நிற்பவரை மின்னல் எளிதில் தாக்கலாம். இன்றைய தூண்டில் கம்புகள் பல கரிம இழையால் ஆனவை. அவை மின்சாரத்தைக் கடத்தும்.

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடியோசை 3 விநாடியில் ஏறக்குறைய 1 கிலோமீட்டர் செல்லும். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். மரத்தடியும் சுவரில்லாத கொட்டகையும் பாதுகாப்பல்ல. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள்.

செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவரின் துணையோடு, ஒரு மாதம் குறிப்பேடு எழுதுங்கள். நாள், நேரம், நீரின் வெப்பநிலை, மேகம், காற்று, முந்திய நாள் மழை, கிடைத்த மீன் எனப் பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். மீன் கடிக்காத நாளையும் தவறாமல் குறியுங்கள். மழைக்கு முன் மீன் கிடைத்த நாள் மனத்தில் நிற்கும். கிடைக்காத நாள் மறந்துபோகும். பெரியவர்களின் சொல் உங்கள் குட்டைக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை உங்கள் குறிப்பேடே சொல்லிவிடும்.